பழைய காலண்டரைத் தூக்கிப் போடும் முன்

"போன வருஷம் எப்படிப் போச்சு?" என்று வீட்டில் யாரைக் கேட்டாலும் "என்னவோ போச்சு" என்றுதான் பதில் வரும். கடைசி இரண்டு மாதம் மட்டும்தான் நினைவில் நிற்கும். மார்ச்சில் பிள்ளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் வருஷமே ஆஸ்பத்திரி வருஷமாகத் தோன்றும். ஆகவே குடும்பமாக உட்கார்ந்து ஓராண்டைத் திரும்பிப் பார்ப்பதென்றால் முதலில் காகிதத்தை எடுங்கள், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாள்?

சித்திரை 1 ஏப்ரல் 14-ஐ ஒட்டி வருகிறது. மார்ச் 31-ல் கணக்காண்டு முடிந்திருக்கும், பள்ளி ஆண்டும் முடியும் தறுவாயில் இருக்கும். கணக்குப் பார்க்க ஜனவரி 1-ஐவிட இது தோது. ஆனால் புத்தாண்டன்றே உட்காராதீர்கள். அன்று சமைக்கிறவர் அடுப்படியை விட்டு நகர முடியாது. வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி எல்லாம் முடித்து அவர் வருவதற்குள் ஹாலில் இருப்பவர்கள் முடிவெடுத்து முடித்திருப்பார்கள். வீட்டு நடப்பு அதிகம் தெரிந்தவரே இல்லாத கூட்டத்தால் என்ன பயன்? அதற்கு முந்தைய ஞாயிறு மாலை 4 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். யாருக்காவது பரீட்சை பாக்கியிருந்தால், அது முடிந்த பிறகு. ஜனவரி 1-ஐப் புத்தாண்டாகக் கொள்ளும் வீடுகளில் டிசம்பர் கடைசி ஞாயிறு சரியாக இருக்கும், முறை ஒன்றுதான்.

ஐந்து நாள் முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு பெரிய துணிக்கடைப் பையில் இவற்றைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்:

- மாதக் காலண்டர் தாள்கள்: போன வருஷத்தில் ஏப்ரல் முதல் 9 தாள், இந்த வருஷத்தில் 3 தாள்
- 6 மின்கட்டண விவரங்கள் (இரண்டு மாதத்துக்கு ஒன்று)
- வங்கிப் பாஸ்புக், தபால் நிலையக் கணக்குப் புத்தகங்கள்
- மொய் நோட்டு
- மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவுகள்
- ஒவ்வொருவர் போனிலிருந்தும் மாதத்துக்கு ஒரு படம், ஆளுக்கு 12

இவற்றில் காலண்டர்தான் புதையல். "பால் 1/2", "சிலிண்டர் மாட்டியது", "கரண்ட் ஆள் வரலை", "சித்தி ஊருக்கு" என்று பேனா கிடைத்த இடத்தில் கிறுக்கியதெல்லாம் வீட்டின் உண்மையான நாட்குறிப்பு. சிலிண்டர் மாட்டிய தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். 40 நாள் வந்தது ஒருமுறை 27 நாளில் தீர்ந்திருந்தால் அந்த மாதம் விருந்தாளிகள் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் டியூபோ பர்னரோ சரியில்லை. காலண்டர் பழைய பேப்பரோடு போய்விட்டதா? ஜிபே, போன்பே கணக்கு வரலாற்றை மாதவாரியாகப் பார்த்தால் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

மின்கட்டணத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஆறு பில்லின் யூனிட்டுகளையும் ஒரே வரியில் எழுதி, 500-ஐத் தாண்டியதைச் சுழியுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரு பில்லில் 480, அடுத்ததில் 530 என்றால், கூடுதல் 50 யூனிட்டுக்கான பணத்தோடு முடியாது. 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகும். "ஏ.சி.யைக் குறை" என்று பொதுவாகத் திட்டுவதைவிட இந்த ஒரு வரி பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும்.

பெண் பிள்ளைக்குச் செல்வமகள் கணக்கு இருந்தால் பாஸ்புக்கில் அந்த ஆண்டுக்கான பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டாவிட்டால் கணக்கு தவறிய கணக்காகிவிடும். சரிசெய்ய, தவறிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 50 ரூபாய் அபராதம். எல்லாக் கணக்குக்கும் நாமினி யாரென்று இந்தக் கையோடு பாருங்கள். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்குகளில் இன்னும் அம்மா பெயரோ அப்பா பெயரோதான் இருக்கும்.

முந்தின ராத்திரி, பெரியவர்கள் மட்டும்

நகைக்கடன், சீட்டு பாக்கி, கைமாற்று ஆகிய மூன்றையும் கணவன் மனைவி முந்தின இரவே அரை மணி நேரம் பேசி முடித்துவிட வேண்டும். இந்த உட்காரல் கெட்டுப்போவதற்கு முதல் காரணமே, ஒருவருக்குத் தெரியாத கடன் பிள்ளைகள் முன்னால் வெளியே வருவதுதான். அப்புறம் யார் என்ன தீர்மானம் எழுதினாலும் அது சண்டைக் காகிதம். பத்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பால், கரண்ட், கேஸ் கணக்கு போதும்.

ஞாயிறு மாலை

ஒரு சார்ட் பேப்பரில் பன்னிரண்டு கட்டம் போட்டு, சித்திரை முதல் பங்குனி வரை எழுதித் தரையில் விரியுங்கள். மேஜை வேண்டாம், மேஜையென்றால் தலைமாட்டில் ஒருவர் தலைவராக உட்கார்ந்துவிடுவார். படம் பார்க்க ஒரு போன் மட்டும் இருக்கட்டும்.

முதல் 40 நிமிடம் கட்டங்களை நிரப்புவது. நடந்ததை மட்டும் எழுதுங்கள்: பயணம், காய்ச்சல், வாங்கியது, உடைந்தது, வந்தவர், போனவர். பிள்ளையின் மதிப்பெண் இதில் வரக் கூடாது. வந்தால் அந்தப் பிள்ளை அதற்கப்புறம் வாயே திறக்காது.

அடுத்து ஆளுக்கு மூன்று நிமிடம், இரண்டே கேள்வி. "எந்த நாள் திரும்ப வரணும்?" "எது போதும்னு ஆச்சு?" பச்சடியின் ஆறு சுவைக்கு ஆறு கேள்வி என்று வைத்தால் எழுதிப் பார்க்க அழகாகத்தான் இருக்கும், நாலாவது கேள்விக்குள் சின்னவன் எழுந்து போயிருப்பான். வீட்டில் கடைசிப் பிள்ளை முதலில் பேசட்டும். அப்பா முதலில் "கஷ்டமான வருஷம்" என்று சொல்லிவிட்டால் மற்றவர்களும் அதையே திருப்பிச் சொல்வார்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். "அப்பா சைக்கிளைப் பிடிக்காம விட்ட நாள்" என்று குழந்தை சொன்னால், அதை "சைக்கிள் கற்றது" என்று சுருக்க வேண்டாம்.

பாட்டி "எனக்கென்ன இருக்கு, நீங்க பேசுங்க" என்பார். விட்டுவிடாதீர்கள். கேள்வியைத் திரும்பக் கேட்பதாலும் பயனில்லை. ஆவணிக் கட்டத்தைக் காட்டி, "இந்த மாசம் ஊருக்குப் போனீங்களே ஆச்சி, கொடை எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். மூன்று நிமிடம் போதாது.

அந்த ஆண்டில் வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தால் பண்டிகை இருக்காது. ஆனாலும் இந்த உட்காரல் இருக்கலாம். அந்த மாதத்துக் கட்டத்தில் அவர் பெயரை எழுதிவிட்டுத் தொடங்குங்கள். யாரும் அதைச் சுற்றிக்கொண்டு பேச வேண்டியிருக்காது. அவர் பெயரில் இருக்கும் கணக்கு, பாலிசி, ரேஷன் அட்டைத் திருத்தம் எல்லாவற்றுக்கும் ஒரு தனி உறை போட்டு, அதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

தீர்மானம் எழுதுவது

வீட்டுக்கு மூன்று, ஆளுக்கு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். ஒருவருக்கான தீர்மானத்தை இன்னொருவர் எழுதக் கூடாது. "நீ கோபத்தைக் குறைக்கணும்" என்பதற்குக் குற்றச்சாட்டு என்று பெயர். ஒவ்வொரு வரியிலும் யார், எந்த நாள், எதனால் நின்றுபோகும் என்ற மூன்றும் இருக்கட்டும். கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

"போன் பார்ப்பதைக் குறைப்போம்" என்று எழுதினால் வைகாசிகூடத் தாங்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: "இரவு 9 மணிக்கு எல்லா சார்ஜரும் ஹாலில். நின்றுபோகக் காரணம்: அலாரம். இந்த வாரம் ஒரு டைம்பீஸ் வாங்க வேண்டும்." அலாரத்தைச் சாக்காக வைத்துத்தான் போன் படுக்கைக்குத் திரும்ப வரும்.

"உடம்பைப் பார்த்துக்கொள்வோம்" என்பதும் அப்படித்தான். "திங்கள், புதன், வெள்ளி காலை 6 மணி, அப்பாவும் ஆச்சியும் பிள்ளையார் கோயில் வரை நடை. நின்றுபோகக் காரணம்: ஆச்சியின் செருப்பு வழுக்குகிறது. புதுச் செருப்பு, ஞாயிற்றுக்குள்." சர்க்கரை இருப்பவருக்கு எச்பிஏ1சி பரிசோதனைத் தேதியையும் அதன் கீழே எழுதுங்கள். அது சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால், முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாது.

பணத் தீர்மானம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். மொய் நோட்டைக் கூட்டிப் பார்த்தால் வருகிற ஆண்டு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று தெரியும். அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதா மாதம் தபால் நிலைய ஆர்.டி.யிலோ ஒரு தனி உறையிலோ போட்டு வைத்தால் ஆவணி, தை முகூர்த்த மாதங்களில் நகை அடகுக்குப் போக வேண்டியிருக்காது.

எங்கே வைப்பது, எப்போது பார்ப்பது

கொங்கு, நெல்லை, குமரிப் பக்கம் கனி காணும் வழக்கமுள்ள வீடுகளில், முதல் நாள் இரவு தட்டில் கண்ணாடி, பழம், பூ, வெற்றிலை, நாணயம், நகை வைக்கும்போது இந்தத் தாளையும் மடித்து வைக்கலாம். காலையில் கண் விழித்ததும் அதுவும் கண்ணில் படும். பிறகு சுவரில் ஒட்டும் இடம் முக்கியம். பூஜை அறை வேண்டாம். அங்கே போனால் அது படமாகிவிடும். தண்ணீர் கேனுக்கு நேர் எதிரே ஒட்டுங்கள். எல்லோரும் ஒரு நாளில் பத்து முறையாவது அங்கே நிற்பார்கள்.

ஆடி 18, சரஸ்வதி பூஜை, போகி என்று மூன்று நாள் மட்டும் பார்த்தால் போதும், ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம். வாராவாரம் பார்த்தால் பள்ளி வருகைப் பதிவேடு போல வெறுத்துவிடும். ஆடியில் ஒன்றுகூட நடக்கவில்லை என்றால் தீர்மானம் பெரிதாக இருக்கிறது; பாதியாக வெட்டுங்கள். போகிக்கும் நடக்காததை ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள். யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

அந்த வாரத்தில் பழைய பேப்பர்காரர் வருவார். போன வருஷக் காலண்டரை மட்டும் எடுத்துச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, மொய் நோட்டு இருக்கும் அலமாரித் தட்டில் வைத்துவிடுங்கள். சித்திரைக்கு அதன் ஒன்பது தாள் வேண்டும்.