எண் கேட்டால் லூப் நிற்காமல் ஓடுகிறதா?

ஜாவாவில், தட்டுவதைப் படிக்கும் ஸ்கேனரின் நெக்ஸ்ட்இன்ட் எண்ணுக்காகக் காத்திருக்கும்போது யாராவது எழுத்தைத் தட்டினால் இன்புட்மிஸ்மேட்ச்எக்செப்ஷன் என்ற பிழை வரும். சரி, பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் போட்டு வைல் லூப்பில் மறுபடி கேட்கலாம் என்றால், பிழைச் செய்தி திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். தவறான சொல்லை ஸ்கேனர் எடுத்துக்கொள்வதில்லை. அது அங்கேயே கிடப்பதால் அடுத்த சுற்றிலும் அதையே படிக்கிறது. கேட்ச் பகுதிக்குள் முழு வரியையும் படிக்கும் நெக்ஸ்ட்லைன் ஒன்றை எழுதினால் அந்த வரி கழிந்துவிடும்.

அப்புறம், சரியான எண் வந்தாலும் என்டர் தட்டிய வரிமுடிவு மிச்சமிருக்கும். வயதைக் கேட்டதும் நெக்ஸ்ட்லைனில் பெயர் கேட்டால் வெறுமையாக வருவது அதனால்தான்.

எனக்குப் பிடித்த வழி, எல்லாவற்றையும் நெக்ஸ்ட்லைனிலேயே வாங்கி, ட்ரிம்மால் முன்பின் இடைவெளிகளை நீக்கி, இன்டீஜர் வகுப்பின் பார்ஸ்இன்ட்டால் எண்ணாக்குவது. ட்ரிம்மை விட்டுவிடாதீர்கள், ஓர் இடைவெளி இருந்தாலும் பார்ஸ்இன்ட் ஏற்காது. இங்கே கேட்ச்சில் பிடிக்க வேண்டிய பிழை நம்பர்ஃபார்மட்எக்செப்ஷன்.