முயல் தின்னாமல் முடங்கினால்: என் அனுபவம்

வளர்ப்பு முயல் 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் குடல் ஓட்டம் நின்றிருக்கும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மதுரைச் சித்திரை வெயிலில் இது சட்டென்று வரும்.

முதலில் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மத்தளம் போல விறைத்திருந்தாலோ, ஆசனவாயில் வெப்பம் 38 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தாலோ எதையும் ஊட்டக்கூடாது; அடைப்பாக இருக்கலாம். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அங்கே தோலுக்கடியில் சலைனும், வலிக்கு மெலாக்சிகாமும் போடுவார்கள். வலி அடங்காமல் எந்த முயலும் வாய் திறக்காது. ஒன்றை மறக்காதீர்கள்: வாய்வழி அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் முயலைக் கொன்றுவிடும்.

அடைப்பு இல்லை என்று உறுதியானதும் பெல்லட் தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மிக்ஸியில் மையாக அரைத்தேன். வடிகட்டக் கூடாது, குடலை ஓட்டுவதே அந்த நார்தான். வாய் அகலமான சிரிஞ்சு வாங்குங்கள். கிலோ எடைக்கு வேளைக்கு 10 மில்லி, நாளுக்கு 4 அல்லது 5 வேளை. முன்பற்களுக்குப் பின்னாலுள்ள இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்து, 1 மில்லி விட்டு, மென்று விழுங்கும்வரை பொறுங்கள். மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும்.

முதல் புழுக்கை சிறிதாக, கோணலாக வரும். அதுவே நல்ல சேதி. அப்போதே கழுவிய அருகம்புல்லை முன்னால் போடுங்கள். இந்தக் குடல் முடக்கம் மறுபடி மறுபடி வந்தால் கடைவாய்ப் பற்களைச் சோதிக்கச் சொல்லுங்கள்; அவை கூராக வளர்ந்து நாக்கைக் கிழிக்கும்.