ரேஷன் கடை வரிசையில் நிற்கும் முறை

தமிழ்நாட்டில் ரேஷன் கடைக்கு எந்த நாளில் போகிறோம் என்பதைப் பொறுத்தே காத்திருக்கும் நேரம் பெரிதும் அமைகிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைப்பதாலும், அவை மாதக் கடைசிவரை இருப்பில் இருக்கும் என்ற உறுதி இல்லாததாலும், சரக்கு இறங்கிய செய்தி தெருவுக்குத் தெரிந்தவுடன் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. விலையில்லா அரிசி மட்டும் வேண்டுவோர் அந்த நாள்களைத் தவிர்த்து, கூட்டம் குறைந்த பிற்பகலில் போவது அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நல்லது.

கடைக்குச் சென்றதும் முதலில் "கடைசியா யார் நிக்கிறாங்க?" என்று கேட்டு, அவருக்குப் பின்னால் நிற்பதை அவரிடமே சொல்லிவிட வேண்டும். கடை திறப்பதற்கு முன்பே பை, கல், செருப்பு ஆகியவற்றை வைத்து இடம் பிடிக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. வெயிலில் நிற்க முடியாதவர்களுக்கு அது பெரிய ஆறுதல் என்பதால் அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒருவருக்கு ஒரு பைதான் என்பதும், கடை திறக்கும்போது பைக்குரியவர் அங்கே இருக்க வேண்டும் என்பதும் அந்த வழக்கத்தோடு சேர்ந்த நியாயங்கள். ஒரே பையின் பின்னால் நான்கு அட்டைகள் வந்து நிற்கும்போதுதான் சண்டை தொடங்குகிறது.

நம் முறை வரும்போது ஸ்மார்ட் அட்டையும் சில்லறையும் கையில் இருக்க வேண்டும். கைரேகை பதியாமல் இயந்திரம் மறுபடி மறுபடி கேட்பதே வரிசை நகராமல் போவதற்கு முக்கியக் காரணம். விரலை ஈரமில்லாமல் துடைத்து, கருவியின் நடுவே அழுத்தாமல் வைத்தால் பெரும்பாலும் பதிந்துவிடும். பாத்திரம் தேய்த்தும் சுண்ணாம்பு கலந்தும் ரேகை தேய்ந்தவர்கள் தடுமாறும்போது பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பது கொடுமை. அட்டையில் பெயருள்ள வேறொருவரை அவர்களுடன் அனுப்புவதைக் குடும்பத்தார் கவனிக்க வேண்டும். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுதரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. தகுதியுள்ளவர்கள் கடையில் விசாரித்துக்கொள்ளலாம்.

கைக்குழந்தையுடன் வருபவரையும் கர்ப்பிணியையும் முன்னால் விடுவது கேட்காமலே செய்ய வேண்டியது. பில் போட்டதும் ஒதுங்கி நின்று, எடை போடும்போது தராசின் எண்ணைப் பார்த்துவிட்டு, கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியில் வாங்காத பொருள் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே சரிபார்க்க வேண்டும். தவறு இருந்தால் விற்பனையாளரிடம் உடனே சொல்லலாம், அவர் திருத்தாவிட்டால் 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.