ஃபைபர் படகுக்கு எக்கோ சவுண்டர்: வாங்குவதும் படிக்கப் பழகுவதும்

ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) என்று அளந்து, குண்டின் அடியில் ஒட்டிவரும் சேற்றையோ மணலையோ பார்த்து நிற்கும் இடத்தை அறிந்துகொண்ட வேலையைத்தான் எக்கோ சவுண்டர் ஒலியைக் கொண்டு செய்கிறது. ஃபிஷ் ஃபைண்டர் என்ற பெயரில் விற்கப்படுவதால், திரையில் மீன் தெரியும், வலையை இறக்கினால் போதும் என்று நம்பி வாங்குகிறவர்கள் இரண்டு மாதத்தில் அதைச் சாக்கில் சுற்றி வீட்டில் வைத்துவிடுகிறார்கள். கடல்தரையைப் படிப்பதற்காக வாங்குகிறவருக்கே அந்தக் கருவி மீனையும் காட்டும். தூத்துக்குடி, இராமநாதபுரம் கடற்கரைகளில் வெளிப்பொருத்து எஞ்சினுடன் ஃபைபர் படகு வைத்துத் தூண்டிலோ செவுள் வலையோ போடுகிறவரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். பெரிய விசைப்படகின் தேவைகள் வேறு.

படகின் அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர் ஒலித் துடிப்பைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. அது தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்பிவர ஆகும் நேரத்தைக் கருவி அளக்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் செல்வதால், எதிரொலி 40 மில்லி நொடியில் திரும்பினால் ஆழம் 30 மீட்டர், அதாவது பதினாறு பாகத்துக்குச் சற்று மேல். 1948-இல் நாகசாகியின் ஃபுருனோ சகோதரர்கள் மீன்பிடித் தொழிலுக்கென்று இதைச் செய்து விற்கத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுவேதான். மாறியிருப்பது திரையும் கணிப்பும்.

ஆகவே கடையில் திரையின் அகலத்தைக் கேட்பதற்கு முன் டிரான்ஸ்டியூசரின் அலைவெண்ணையும் கூம்புக் கோணத்தையும் கேட்க வேண்டும். ஒலி கீழே போகப்போக விரிந்து ஒரு கூம்பாகப் பரவுகிறது. 200 கிலோஹெர்ட்ஸில் கூம்பு குறுகலாகவும் படம் நுணுக்கமாகவும் இருக்கும். 50 கிலோஹெர்ட்ஸில் கூம்பு விரியும், ஒலி வெகு ஆழம் இறங்கும், ஆனால் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மீன்கள் ஒரே கறையாகத் தெரியும். 20 பாகைக் கூம்பு 30 மீட்டர் ஆழத்தில் சுமார் 10 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தைப் பார்க்கிறது. 45 பாகைக் கூம்பு அதே ஆழத்தில் 25 மீட்டரைப் பார்க்கிறது. பாக் விரிகுடாவைப் போல ஆழம் குறைந்த கடலில், 10 மீட்டர் நீரில் 20 பாகைக் கூம்பு பார்ப்பது மூன்றரை மீட்டர்தான். படகின் நீளத்தைவிடச் சிறிய வட்டம். அங்கே தொழில் செய்கிறவர் விரிந்த கூம்பையும், 455 அல்லது 800 கிலோஹெர்ட்ஸில் பக்கவாட்டில் வருடிக் காட்டும் வசதியையும் தேடலாம். மன்னார் வளைகுடாவில் பார்கள் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுகளின் மேல் களவா, விளைமீனுக்குத் தூண்டில் போடுகிறவருக்கு 200 கிலோஹெர்ட்ஸ் போதும். நூற்றைம்பது, இருநூறு மீட்டருக்கு மேல் போகிறவர் மட்டும் 50-உம் 200-உம் சேர்ந்த இரட்டை அலைவெண் கருவிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் உண்டு.

திறனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெட்டியின் மேல் 4,000 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது உச்சத்திலிருந்து உச்சம்வரை அளந்த கணக்கு. ஆர்.எம்.எஸ். எனப்படும் சராசரித் திறன் கணக்கில் அது எட்டில் ஒரு பங்கு, அதாவது 500 வாட். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஆர்.எம்.எஸ். கணக்கிலேயே கேளுங்கள். கரைக்கடல் தொழிலுக்கு 300 முதல் 500 வாட் தாராளமானது.

ஜிபிஎஸ் இணைந்த கருவியை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. எக்கோ சவுண்டர் படகுக்கு நேர் கீழே இருப்பதை மட்டும் சொல்லும். கண்டுபிடித்த பாரை மறுநாள் திரும்ப அடைய அந்த இடத்தைக் குறித்துவைக்க வேண்டும். இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அறிவிக்கும் மீன்வளப் பகுதிகளைத் தேடிப் போகவும், மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டிய தடைப்பகுதிக்குள் தெரியாமல் நுழையாதிருக்கவும், பாக் விரிகுடாவில் எல்லைக் கோட்டுக்கு இப்பால் நிற்கவும் அதே திரை உதவும். திரை நண்பகல் வெயிலில் படிக்கத் தெரிகிறதா என்பதைக் கடைக்கு வெளியே எடுத்துவந்து பாருங்கள். ஐந்து அங்குலத்துக்குக் குறைந்த திரையில் படத்தையும் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது கடினம்.

பொருத்துவதில்தான் நம் படகுகளுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கையேடுகள் டிரான்ஸ்டியூசரைப் படகின் பின்பலகையில் திருகச் சொல்கின்றன. அந்தக் கையேடுகள் துறையில் கட்டிவைக்கும் படகுகளுக்காக எழுதப்பட்டவை. அலையைத் தாண்டி மணலில் ஏற்றி இழுக்கும் படகில் அப்படித் திருகினால் முதல் வாரத்திலேயே அது உடையும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரு குழாயின் நுனியில் டிரான்ஸ்டியூசரைப் பொருத்தி, குழாயைப் படகின் பக்கவாட்டு விளிம்பில் கழற்றக்கூடிய பிடியால் இறுக்கி, கரையேறும் முன் தூக்கிவிடுவது. இது மலிவானது, பழுது பார்க்க எளிது, ஆனால் வேகமாக ஓடும்போது நீர் குழாயை வளைத்துப் படத்தைக் கெடுக்கும். இன்னொன்று, படகின் உட்புறத்தில் எப்பாக்ஸியால் ஒட்டி ஃபைபரின் ஊடாகவே ஒலியை அனுப்புவது. ஒட்டும் இடத்தில் ஃபைபர் கெட்டியாக இருக்க வேண்டும். நடுவில் நுரைத்தகடோ மரமோ வைத்துச் செய்த தளமாக இருந்தால் ஒலி கடக்காது. எப்பாக்ஸியில் ஒரு காற்றுக்குமிழ் நின்றாலும் எதிரொலி பலவீனமாகிவிடும். ஒட்டுவதற்கு முன், நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் டிரான்ஸ்டியூசரை வைத்து அந்த இடத்தில் அழுத்திப் பார்த்து, காட்டும் ஆழத்தை வெளியே நீரில் தொங்கவிட்டுப் பார்த்த ஆழத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இந்த முறையில் கொஞ்சம் திறன் இழப்பு உண்டு, நீர் வெப்பநிலை சரியாகத் தெரியாது, 455, 800 கிலோஹெர்ட்ஸ் வருடல் படங்களும் கிடைக்காது.

எந்த முறையானாலும், எஞ்சினின் விசிறி கிளப்பும் குமிழிகள் டிரான்ஸ்டியூசரின் முகத்தைத் தொடக்கூடாது. கேபிளை வெட்டிச் சுருக்க வேண்டாம். மிச்சத்தைச் சுருட்டிக் கட்டிவையுங்கள், எஞ்சின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஐந்து அங்குலக் கருவி ஓர் ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், 7 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி வடிவதற்குள் மூன்றரை மணி நேரம் ஓடிவிடும். இரவுத் தொழிலுக்கு அது போதாது, 18 ஆம்பியர்-மணிக்குக் குறையாததாக வாங்குங்கள்.

முதல் நாள் மீனைத் தேடிப் போகாதீர்கள். கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் நேராக்கி வைத்து உங்கள் தந்தையார் காட்டிக்கொடுத்த, கண்ணை மூடிக்கொண்டும் போகக்கூடிய ஒரு பாருக்குப் போங்கள். நடக்கும் வேகத்தில் அதை மணல் பக்கத்திலிருந்து கடந்து, மறுபக்கம் சேறு வரை போய்த் திரும்புங்கள். கெட்டியான பாறையிலிருந்து ஒலி பலமாகத் திரும்பும். அழுத்தமான நிறத்தில் தடித்த பட்டை தெரியும், சில சமயம் அதன் இரண்டு மடங்கு ஆழத்தில் இரண்டாவது தரையும் தெரியும், ஏனெனில் ஒலி நீர்மட்டத்தில் பட்டு மீண்டும் ஒருமுறை கீழே போய் வந்திருக்கிறது. சேற்றில் பட்டை வெளிறிப் போகும், இரண்டாவது தரை மறையும். சந்தேகம் வந்த இடத்தில் ஈயக் குண்டின் அடியில் சோப்பை அப்பி இறக்கிப் பார்த்துவிடுங்கள். எந்த நிறம் எந்தத் தரை என்பதைக் கையேட்டைவிட இந்த ஒரு காலை நேரம் தெளிவாகக் கற்றுத்தரும்.

அமைப்புகளில் முதலில் செய்ய வேண்டியது, எதிரொலிகளை மீன் பொம்மைகளாக மாற்றிக் காட்டும் வசதியை அணைப்பது. நீரில் மிதக்கும் பாசிக் கொத்தையும் குமிழிக் கூட்டத்தையும்கூட அது மீனாக்கிவிடும். அடுத்தது உணர்திறன். கருவியின் தானியங்கி அமைப்பில் சில நாள் பழகிய பிறகு கைமுறைக்கு மாற்றி, திரை முழுதும் புள்ளிகள் நிரம்பும்வரை கூட்டி, பின் புள்ளிகள் அடங்கும்வரை மெல்லக் குறையுங்கள். நீரின் நடுவே சில புள்ளிகள் மிஞ்சியிருக்கும் நிலையே சரியான நிலை. முற்றிலும் சுத்தமான திரை சின்ன மீனை மறைத்துவிட்ட திரை.

படத்தைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: திரையின் வலது ஓரம் மட்டுமே இப்போதைய நிலை, இடப்புறம் எல்லாம் கடந்துபோன நேரம். படகு நகரும்போது ஒரு மீன் கூம்பின் ஓரத்தில் நுழைந்து, நடுவுக்கு வந்து, மறு ஓரத்தில் வெளியேறுகையில் தூரம் குறைந்து கூடுவதால் வில் போன்ற வளைவு உண்டாகிறது. நங்கூரமிட்ட படகின் கீழ் அசையாமல் நிற்கும் ஒரே மீன் நீண்ட கோடாக இழுபடும். அதைப் பெரிய மீன் என்று எண்ண வேண்டாம். சாளைக் கூட்டம் மேகம்போல் தெரியும். பாரின் சரிவில் இன்னொரு ஏமாற்று உண்டு: கூம்பின் மேட்டுப் பக்கத்திலிருந்து எதிரொலி முதலில் வந்துவிடுவதால், பள்ளத்துப் பக்கம் தரையோடு ஒட்டி நிற்கும் களவா அந்தப் பட்டைக்குள் மறைந்துபோகும். சரிவை மேலிருந்து கீழாக ஒருமுறையும், சரிவின் நீளவாக்கில் ஒருமுறையும் கடந்து பார்ப்பவருக்கே அது அகப்படும்.

ஒலியை மிகுதியாகத் திருப்பி அனுப்புவது மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பைதான். சுறாவுக்கும் திருக்கைக்கும் அது கிடையாது. சூரை வகைகள் பலவற்றுக்கும் சீலா என்னும் வஞ்சிரத்துக்கும் இல்லை. அதனால் காற்றுப்பை உள்ள சிறிய மீன் காட்டும் அழுத்தத்தை அதைவிடப் பெரிய சீலா காட்டாமல் போகலாம். கணவாயும் மங்கலாகவே தெரியும். மேல்நீரில் பாயும் சூரைக் கூட்டத்துக்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை; படகு நெருங்கும்போதே அது கூம்புக்கு வெளியே விலகிவிடும். அதற்குக் கடற்காக்கைகள் இறங்கும் இடத்தைப் பார்க்கும் பழைய வழியே இன்னும் சிறந்தது.

கரைக்கு வந்ததும் டிரான்ஸ்டியூசரை நன்னீரால் கழுவி, முகத்தில் படிந்த பாசியையும் கொட்டலசுகளையும் மென்மையான துணியால் தேய்த்தெடுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம், படகுக்கு அடிக்கும் தடித்த வண்ணத்தை அதன்மேல் பூசவும் வேண்டாம். படகு மணலில் இருக்கும்போது கருவியை நெடுநேரம் ஓடவிடாதீர்கள்.