பழைய மதர்போர்டில் ரெய்டு 0 எஸ்எஸ்டிகளுக்கு ட்ரிம்: பயாஸில் ஒரு மாட்யூலை மாற்றுவது எப்படி?

இரண்டு எஸ்எஸ்டிகளை ரெய்டு 0-வில், அதாவது ஒரே டிஸ்க் போல, இணைத்து ஓட்டுகிறீர்கள். புதிதில் பறந்தது. போகப் போக எழுதும் வேகம் மட்டும் படுத்துவிட்டது, படிக்கும் வேகம் அப்படியே இருக்கிறது. உங்கள் மதர்போர்டில் இருப்பது பி67, எச்67, இசட்68 போன்ற இன்டெல் 6-ஆம் வரிசை சிப்செட் என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான்: விண்டோஸ் அனுப்பும் ட்ரிம் கட்டளை எஸ்எஸ்டி வரை போய்ச் சேரவில்லை.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருளான பயாஸுக்குள் இருக்கும் ஒரே ஒரு மாட்யூலைப் புதுப்பித்தால் இதைச் சரிசெய்யலாம். மாற்றுகிற வேலை சில நிமிடங்கள்தான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியதும் பின்னால் சோதிக்க வேண்டியதும்தான் நேரம் பிடிக்கும். அதனால் இந்தப் பதிவிலும் அவைதான் அதிக இடம் பிடிக்கின்றன.

ரெய்டில் ட்ரிம் ஏன் சிக்குகிறது?

எஸ்எஸ்டியில் பழைய டேட்டாவின் மேலேயே புதியதை எழுத முடியாது. எழுதுவது பேஜ் பேஜாக நடக்கும். அழிப்பதோ பல பேஜ்கள் அடங்கிய ஒரு முழு பிளாக்காகத்தான் முடியும். நீங்கள் ஒரு ஃபைலை டெலீட் செய்தால் விண்டோஸ் தன் கணக்குப் புத்தகத்தில் மட்டும் அதை அடித்துவிடுகிறது. அந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரியாது. அதைச் சொல்வதுதான் ட்ரிம். விண்டோஸ் 7 முதல் இந்த வசதி இருக்கிறது.

ரெய்டு 0-வில் விண்டோஸின் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு பெரிய டிஸ்க். உள்ளே டேட்டா துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும். ஸ்ட்ரைப் அளவு 128 கேபி என்றால் முதல் 128 கேபி ஒரு எஸ்எஸ்டியில், அடுத்த 128 கேபி மற்றதில், இப்படியே மாறி மாறிப் போகும். ஆக, இந்தப் பெரிய டிஸ்க்குக்கு வரும் ட்ரிம் கட்டளையைப் பிரித்து, ஒவ்வொரு எஸ்எஸ்டிக்கும் உரிய முகவரியாக மாற்றி யாராவது அனுப்ப வேண்டும். முகவரி தப்பினால் உயிரோடு இருக்கும் டேட்டா காலியாகிவிடும். அந்த வேலை ரெய்டு டிரைவருடையது.

இன்டெல் இதை 2012-இல், தன் ரெய்டு மென்பொருளான ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜியின் 11-ஆம் வரிசையில், 7-ஆம் வரிசை சிப்செட்டுகளுக்காகக் கொண்டுவந்தது. டிரைவரை மட்டும் ஏற்றினால் போதாது. பயாஸுக்குள் இருக்கும் ரெய்டு மாட்யூலும் 11-ஆக இருக்க வேண்டும். அந்த மாட்யூலுக்கு ஆப்ஷன் ரோம் என்று பெயர். 6-ஆம் வரிசை போர்டுகள் பலவற்றில் அது 10-லேயே நின்றுவிட்டது. நாம் மாற்றப்போவது அதைத்தான்.

உங்களுக்கு இது தேவைதானா?

பலருக்குத் தேவைப்படாது என்பதுதான் என் அபிப்பிராயம். ஒற்றை எஸ்எஸ்டியை ரெய்டு இல்லாத சாதாரண ஏஎச்சிஐ முறையில் ஓட்டுபவர்களுக்கு ட்ரிம் ஏற்கெனவே வேலை செய்கிறது. 8-ஆம் வரிசை சிப்செட்டும் அதற்குப் பின் வந்தவையும் என்றால், ரெய்டு 0-வுக்கான ட்ரிம் கையோடு வருகிறது. 7-ஆம் வரிசை என்றால் தயாரிப்பாளரின் கடைசி பயாஸ் அப்டேட்டைப் போட்டுப் பாருங்கள், அதோடு கதை முடியக்கூடும். லினக்ஸில் மென்பொருள் ரெய்டு வைத்திருந்தால் கெர்னல் 3.7 முதல் அதுவே ட்ரிமை அனுப்பிவிடும், பயாஸைத் தொடவே வேண்டாம். ரெய்டு 5-க்கு இந்த வழி உதவாது.

லேப்டாப், பிராண்டட் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுவிடுவது நல்லது. அவற்றில் பயாஸ் ஃபைல் டிஜிட்டல் கையொப்பத்தோடு வரும். 2013-இல் வந்த நான்காம் தலைமுறை கோர் பிராசஸர்கள் முதல் பூட் கார்டு என்ற பாதுகாப்பும் சேர்ந்துகொண்டது. அது இயக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் பயாஸின் பாதுகாக்கப்பட்ட பகுதியை மாற்றினால் திரையே வராது.

இப்போது இருக்கும் பதிப்பைப் பாருங்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், விண்டோஸ் வருவதற்கு முன், கன்ட்ரோல்-ஐ அழுத்தச் சொல்லும் ஒரு திரை வந்து போகும். அதன் முதல் வரியில் ‘ஆப்ஷன் ரோம்’ என்பதை அடுத்து வரும் எண்தான் பதிப்பு. 10-இல் தொடங்கினால் இந்தப் பதிவு உங்களுக்கானது. திரையே வரவில்லை என்றால் பயாஸில் முழுத்திரை லோகோவை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

பழைய முறை பூட்டுக்கு இடம் தரும் சிஎஸ்எம் இல்லாமல், புதுவகை பயாஸான யூஇஎஃப்ஐ முறையில் மட்டும் பூட் ஆகும் கம்ப்யூட்டரில் ஆப்ஷன் ரோம் ஓடவே ஓடாது. அங்கே ரெய்டைப் பார்த்துக்கொள்வது தனி இஎஃப்ஐ டிரைவர். 6-ஆம் வரிசையில் பெரும்பாலும் பழைய முறையான லெகசி பூட்தான் என்பதால் நாம் ஆப்ஷன் ரோமோடு நிறுத்திக்கொள்வோம்.

என்னென்ன வேண்டும்?

முதலில், உங்கள் போர்டுக்கான கடைசி பயாஸ் ஃபைல். மாடல் பெயர் மட்டுமல்ல, ரிவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும். அது போர்டின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். அடுத்து, பயாஸ் ஃபைலைத் திறந்து மாட்யூல்களை மாற்ற ஏஎம்ஐ நிறுவனத்தின் எம்எம்டூல்; அந்த நிறுவனத்தின் ஆப்டியோ 4 பயாஸுக்கான பதிப்பு. பிறகு, மாற்றியதை ஒப்பிட்டுப் பார்க்க யூஇஎஃப்ஐடூல், ஃபைலின் பைட்டுகளைக் காட்டும் ஒரு ஹெக்ஸ் எடிட்டர், எஃப்ஏடி32-இல் ஃபார்மட் செய்த பென்டிரைவ். உங்கள் போர்டில் இருப்பது பழைய அவார்டு பயாஸ் என்றால் எம்எம்டூல் அதைத் திறக்காது. அதற்கு வேறு கருவி, வேறு முறை.

கடைசியாக 11-ஆம் வரிசை ஆப்ஷன் ரோம். இணையத்தில் தேடினால் யார் யாரோ ஏற்றிவைத்தவை கிடைக்கும். எனக்கு அது பிடிக்காது. உங்கள் போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் 7-ஆம் வரிசை போர்டு ஒன்றுக்கான பயாஸ் ஃபைலை அவர்களுடைய தளத்திலிருந்தே இறக்கி, எம்எம்டூலில் திறந்து, உள்ளே இருக்கும் ரெய்டு ரோமை எக்ஸ்ட்ராக்ட் செய்துகொள்ளுங்கள். எங்கிருந்து வந்தது என்ற சந்தேகமே எழாது. ஒன்று மட்டும்: இன்டெல் அதிகாரபூர்வமாகச் சொன்னது 7-ஆம் வரிசைக்குத்தான். 11-க்குள்ளேயே எல்லாப் பதிப்பும் 6-ஆம் வரிசையில் ட்ரிமைத் திறந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அதே போர்டு வைத்திருப்பவர்கள் எந்தப் பதிப்பில் வெற்றி கண்டார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

எடுத்த ரோமை ஹெக்ஸ் எடிட்டரில் ஒருமுறை திறந்து பாருங்கள். முதல் இரண்டு பைட்டுகள் 55, ஏஏ என்று இருக்க வேண்டும். சற்றுக் கீழே, வலப்பக்க எழுத்துப் பத்தியில் ‘பிசிஐஆர்’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். அவற்றை ஒட்டி 86 80 22 28 என்ற நான்கு பைட்டுகள் வர வேண்டும். அதைத் திருப்பிப் படித்தால் 8086, 2822. முதலாவது இன்டெலின் அடையாள எண், இரண்டாவது அதன் டெஸ்க்டாப் ரெய்டு கன்ட்ரோலருடையது. 22-க்குப் பதில் 26 இருந்தால் நீங்கள் எடுத்தது எக்ஸ்79 வகை போர்டுகளுக்கான வேறொரு ரோம். அதை வைத்துவிடுங்கள்.

பேக்கப்: இதில் சோம்பல் ஆகாது

ரெய்டு 0-வில் இருக்கும் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். ரெய்டு பற்றிய விவரங்கள் எஸ்எஸ்டிகளிலேயே எழுதப்பட்டிருப்பதால் ஆப்ஷன் ரோம் மாறினாலும் வால்யூம் தப்பிவிடும். ஆனாலும் ரெய்டு 0-வில் ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் போனதுதான். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, ரெக்கவரி கீயைத் தனியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் மாறியதை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் கண்டுபிடித்து, அடுத்த பூட்டிலேயே கீ கேட்கும்.

பயாஸ் சிப்பையும் அப்படியே நகல் எடுக்க வேண்டும். தளத்தில்தான் ஃபைல் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் உங்கள் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியும் போர்டின் சீரியல் எண்ணும் உங்கள் சிப்பில் மட்டும்தான் இருக்கும். இதற்கு, சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிஎச்341ஏ என்ற சிறிய யூஎஸ்பி புரோகிராமர் போதும். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சில போர்டுகளில் எட்டுக்கால் சிப் சாக்கெட்டில் இருக்கும், மெதுவாக நெம்பி எடுத்து புரோகிராமரில் செருகலாம். பற்றவைத்திருந்தால் கிளிப் போட்டுப் படிக்க வேண்டும். சிப் 3.3 வோல்ட்டில் ஓடுவது. சிஎச்341ஏ-யின் கறுப்பு நிற வகைகளில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருவது உண்டு, ஆகவே மல்டிமீட்டரில் அளந்த பிறகே சிப்பைச் செருகுங்கள். இருமுறை படித்து, இரண்டு ஃபைலின் ஹாஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

புரோகிராமர் இல்லாமலும் செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் ஃப்ளாஷ், அதாவது பயாஸைச் சிப்பில் எழுதும் வேலை, பாதியில் நின்றுபோனால் போர்டைத் திரும்ப எழுப்ப அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே கருவி. இரட்டை பயாஸ் சிப் உள்ள போர்டு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம்.

மாட்யூலை மாற்றுதல்

1. எம்எம்டூலைத் திறந்து ‘லோட் இமேஜ்’ கொடுத்து உங்கள் போர்டின் பயாஸ் ஃபைலைத் தேர்ந்தெடுங்கள்.

2. ‘ஆப்ஷன் ரோம்’ டேபுக்குப் போங்கள். வென்டர் ஐடி, டிவைஸ் ஐடி என்று ஒரு பட்டியல் வரும். அதில் 8086, 2822 என்ற வரியைத் தேடுங்கள். பக்கத்திலேயே வீடியோ, நெட்வொர்க் ரோம்களும் 8086 என்றே தொடங்கக்கூடும், வரி மாறிவிடக் கூடாது.

3. முதலில் அந்தப் பழைய ரோமை எக்ஸ்ட்ராக்ட் செய்து பத்திரப்படுத்துங்கள்.

4. அதே வரியைத் தேர்ந்தெடுத்த நிலையில், 11-ஆம் வரிசை ரோமை பிரவுஸ் செய்து ‘ரீப்ளேஸ்’ கொடுங்கள், பிறகு ‘அப்ளை’. இடம் போதவில்லை என்று பிழை வந்தால் அந்தப் பதிப்பை விட்டுவிட்டு 11-லேயே சிறியது ஒன்றைத் தேடுங்கள். இடத்துக்காக வேறு மாட்யூலை டெலீட் செய்யும் யோசனை வேண்டவே வேண்டாம்.

5. ‘சேவ் இமேஜ் ஆஸ்’ மூலம் வேறு பெயரில் சேமியுங்கள்.

இனி சேமித்த ஃபைலையும் மூல ஃபைலையும் யூஇஎஃப்ஐடூலில் இரண்டு சாளரங்களில் திறந்து ஒப்பிடுங்கள். மொத்த அளவு ஒரு பைட்டும் கூடவோ குறையவோ கூடாது. மாட்யூல்களின் எண்ணிக்கையும் வரிசையும் அப்படியே இருக்க வேண்டும். எம்எம்டூல் சில சமயம் நடுவே இருக்கும் ‘பேட் ஃபைல்’ என்ற நிரப்பியை அழித்துவிடும், அல்லது புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அந்த ஃபைலை ஃப்ளாஷ் செய்யாதீர்கள்.

ஃப்ளாஷ் செய்தல்

ஓவர்கிளாக் செய்திருந்தால் பயாஸை இயல்புநிலைக்குக் கொண்டுவாருங்கள். பென்டிரைவில் ஃபைலைப் போட்டு, பயாஸுக்குள்ளேயே இருக்கும் ஃப்ளாஷ் கருவியால் ஏற்றுங்கள். விண்டோஸில் ஓடும் ஃப்ளாஷ் மென்பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னணியில் எது எப்போது குறுக்கிடும் என்று தெரியாது. மின்சாரம் போகாமல் யூபிஎஸ் இருப்பது நல்லது.

6-ஆம் வரிசையில் பெரும்பாலும் ஃபைலை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ‘செக்யூரிட்டி’ என்றோ ‘இன்வேலிட் ஃபைல்’ என்றோ வந்தால் கையொப்பச் சோதனை நடக்கிறது என்று பொருள். 7-ஆம் வரிசை ஏசுஸ் போர்டுகளில் இது சகஜம். அவற்றில் யூஎஸ்பி பயாஸ் ஃப்ளாஷ்பேக் வசதி இருந்தால் அந்த வழியாக ஏற்றலாம்.

ஃப்ளாஷ் முடிந்த பின் வரும் முதல் பூட்தான் கவனம் தேவைப்படும் இடம். பயாஸ் அமைப்புகள் எல்லாம் இயல்புநிலைக்குப் போயிருக்கும், எஸ்எஸ்டிகள் இணைந்திருக்கும் சாட்டா போர்ட்டின் முறையும் ரெய்டிலிருந்து மாறியிருக்கும். அப்படியே விண்டோஸ் வரை விட்டால் இரண்டு எஸ்எஸ்டிகளும் தனித்தனியாகத் தெரியும். எந்த மென்பொருளாவது அவற்றில் எழுதிவிட்டால் வால்யூம் போய்விடும். ஆன் செய்ததுமே டெலீட் கீயை அழுத்தி உள்ளே போய், சாட்டாவை ரெய்டுக்கு மாற்றி, சேமித்து வெளியே வாருங்கள். இப்போது கன்ட்ரோல்-ஐ திரையில் 11 என்று தெரிய வேண்டும், கீழே உங்கள் வால்யூம் ‘நார்மல்’ என்று இருக்க வேண்டும்.

விண்டோஸுக்குள் போய் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரையும் 11-ஆம் வரிசைக்கு ஏற்றி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ட்ரிம் நிஜமாகவே போகிறதா?

விண்டோஸில் ட்ரிம் ஆன் ஆகியிருக்கிறதா என்று கேட்கும் கட்டளை ஒன்று உண்டு. பலர் அதை அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். விண்டோஸ் அனுப்புகிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். எஸ்எஸ்டிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது.

ட்ரிம்செக் என்ற சிறிய இலவச மென்பொருள் நேரடியாகவே சோதிக்கும். அதை ரெய்டு வால்யூமில் வைத்து ஓட்டினால், தற்போக்கான டேட்டாவோடு ஒரு ஃபைலை எழுதி, அது டிஸ்க்கில் எந்த இடத்தில் விழுந்தது என்று குறித்துக்கொண்டு, ஃபைலை அழித்துவிடும். அரை நிமிடம் போல விட்டு மறுபடி ஓட்டினால் அதே இடத்தைப் படித்துப் பார்க்கும். அங்கே வெறும் பூஜ்யங்கள் இருந்தால் ட்ரிம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பழைய டேட்டா அப்படியே இருந்தால் உடனே முடிவுகட்டாமல் சற்று நேரம் கழித்தோ ரீஸ்டார்ட் செய்தோ மீண்டும் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் டிரைவர் பதிப்பைச் சரிபாருங்கள், அதற்குப் பிறகு வேறொரு 11-ஆம் வரிசை ரோமை முயலலாம்.

ட்ரிம் வேலை செய்யத் தொடங்கினாலும் பழைய வேகம் அன்றே திரும்பிவிடாது. இதுவரை டெலீட் செய்த ஃபைல்களின் இடங்கள் இன்னும் நிரம்பியவையாகவே எஸ்எஸ்டியின் கணக்கில் இருக்கின்றன. விண்டோஸ் 8-க்கு மேல் என்றால் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ மூலம் காலியிடம் முழுவதற்கும் ட்ரிமை ஒருமுறை அனுப்பிவிடலாம். விண்டோஸ் 7-இல் அந்த வசதி இல்லை. அங்கே காலியிடத்தின் பெரும்பகுதியை அடைக்கும் அளவுக்குப் பெரிய ஃபைல்களை வால்யூமில் நகலெடுத்து, ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பாமல் நேரடியாக அழித்துவிடுங்கள். பிறகு கம்ப்யூட்டரை ஸ்லீப்புக்குப் போகவிடாமல் ஓர் இரவு சும்மா ஓடவிட்டு, மறுநாள் எழுதும் வேகத்தை அளந்து பாருங்கள்.