குமரி மாவட்டச் சந்தைகளும் திருவிழாக் கடைகளும்: முதல்முறை போகிறவர்களுக்கு

நான் திருச்சிக்காரி. 2022-ல் நாகர்கோவிலுக்கு மருமகளாக வந்தேன். இந்த ஊர்ச் சந்தைகள் எனக்குப் பிடிபட இரண்டு வருடம் ஆனது. சென்னையிலிருந்து சித்தி மகள் வருகிறேன் என்றபோது அவளுக்காகக் குறித்து வைத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

1. முதலில் நாளைக் கண்டுபிடியுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். 2023-ல் மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில் மாசிக் கொடை (இங்கே கொடை என்றால் அம்மன் கோவில் திருவிழா) மார்ச் 14-ம் தேதி வந்தது. வளையல் கடைகளையும் பாத்திரக் கடைகளையும் பார்த்து மயங்கி, அடுத்த வருடம் நிதானமாக வாங்கலாம் என்று வந்துவிட்டேன். 2024-ல் அதே மார்ச் 14 அன்று போனால், கொடை இரண்டு நாள் முன்பே முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கணக்கைச் சொல்லித் தந்தார். பங்குனி 1 என்றைக்கு என்று பாருங்கள். அதற்கு முன்னால் வரும் செவ்வாய்தான் மாசியின் கடைசிச் செவ்வாய், அதுதான் கொடை. அங்கிருந்து ஒன்பது நாள் பின்னால் எண்ணினால் ஒரு ஞாயிறு வரும். அன்று கொடியேற்றம். ஆக மொத்தம் பத்து நாள். கடைகளுக்காகப் போகிறவர்கள் நடுவில் வரும் புதன், வியாழன் பிற்பகலில் போங்கள். கடைசி நாள் சாமி கும்பிடப் போகலாம், பேரம் பேச முடியாது. கூட்டம் அப்படி.

இதற்கெல்லாம் கைபேசியைவிடக் கிழிக்கும் தினசரிக் காலண்டர்தான் எனக்கு வசதி. தமிழ்த் தேதி, நட்சத்திரம், கிழமை எல்லாம் ஒரே தாளில் இருக்கும். சுசீந்திரம் மார்கழித் திருவிழாவும் திருவாதிரை நட்சத்திரத்தை ஒட்டியே வரும். அதனால் அதற்கும் ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும்.

தேதி மாறாமல் வருவது கோட்டாறு சவேரியார் திருவிழா. சவேரியார் 1552-ல் இறந்த டிசம்பர் 3-தான் திருநாள். முதல்முறை வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2. தோவாளைக்கு விடியுமுன் போங்கள்

தோவாளை பூச்சந்தையை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு "பெரிசா ஒன்றுமில்லையே" என்று திரும்பியவர்கள் உண்டு. அதிகாலை இருட்டிலேயே வியாபாரம் சூடாகிவிடும். மூட்டையை அவிழ்த்து ஈரத் துணியை விலக்கியதும் பிச்சிப்பூ வாசம் எழும் பாருங்கள், அதற்காகவே நான் தூக்கத்தை விட்டுப் போகிறேன். அரளி, துளசி, கொழுந்து, சம்பங்கி, தாமரை எல்லாம் எடைபோட்டு வண்டி ஏறும், பெரும்பகுதி கேரளத்துக்கு. ஓணம் நெருங்கினால் விலை எகிறும், அப்போது வேடிக்கை பார்க்க மட்டும் போங்கள்.

பஸ் விஷயத்தில் கவனம். நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்திலிருந்து திருநெல்வேலி போகும் வண்டிகள் தோவாளை வழியாகத்தான் போகும். ஆனால் இடையில் எங்கும் நிற்காத எண்ட் டு எண்ட் வண்டி அங்கே நிற்காது. ஏறும் முன் நடத்துநரிடம் "தோவாளை நிக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிடுங்கள்.

மாணிக்கமாலையைப் பார்க்காமல் வரக்கூடாது. அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, பாய் முடைவதுபோல் நாரில் கோப்பார்கள். வெள்ளை, சிவப்பு, பச்சை என்று கல் பதித்தது போலவே இருக்கும். 2025-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இது குவித்து வைத்து விற்கிற சரக்கில்லை. வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

3. ஊர்ச் சந்தை

திங்கள்சந்தை, வெள்ளிச்சந்தை என்று ஊர்ப் பெயரிலேயே கிழமை இருக்கும். பெயரை மட்டும் நம்பிக் கிளம்பாமல், முதல் நாளே அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலிலேயே தங்குகிறவர்களுக்கு வடசேரி கனகமூலம் சந்தை போதும்.

இங்கே வார்த்தை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வாழைத்தாரைக் குலை என்பார்கள். நேந்திரன் என்றால் ஏத்தன், செவ்வாழை என்றால் செந்துளுவன், மரவள்ளிக்கிழங்கு மரச்சீனி, மிளகு நல்லமிளகு. நான் முதல் தடவை "மரவள்ளி இருக்கா?" என்று மூன்று கடையில் கேட்டேன். மரச்சீனிக் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் கேட்டிருக்கிறேன்.

மட்டிப் பழம் வாங்காமல் திரும்பாதீர்கள். விரல் நீளம்தான் இருக்கும், தோல் மெல்லிசு. 2023-ல் இதற்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது. பழுத்த சீப்பைப் பஸ்ஸில் கொண்டுபோனால் ஊர் சேர்வதற்குள் நசுங்கிவிடும், செங்காயாக, அதாவது முழுதாகப் பழுக்காததாகக் கேட்டு வாங்குங்கள்.

4. ஓலைப்பெட்டியும் கல் நகையும்

ஓலைப்பெட்டி விற்ற பாட்டி ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். பெட்டியை என் கையில் கொடுத்து, "மூலையைப் பெருவிரலால அமுக்கிப் பாரு மக்களே" என்றார். அமுக்கினேன், வளைந்து திரும்பியது. அடுத்ததை அமுக்கச் சொன்னார், மடிப்பில் நறுக்கென்று சத்தம். "அது முத்துன ஓலை. விலை குறைவு, ஆனா ஒரு மழைக்காலம் தாங்காது." இளம் ஓலைப் பெட்டியையே எடுத்தேன். இன்றும் என் கருப்பட்டி அதில்தான் இருக்கிறது.

வடசேரி கோவில் நகை பற்றி ஒன்று மட்டும். வெள்ளியில் செய்து, தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) வைத்துக் கல் பதிப்பதுதான் பழைய முறை. சாமிக்குச் செய்தது, பிறகு பரதநாட்டிய மேடைக்கும் போனது. அதே அச்சில் சாதா உலோக நகையும் விற்கிறார்கள். தப்பில்லை, ஆனால் எது என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

5. கையில் என்ன

பத்து, இருபது ரூபாய்த் தாள்கள், இரண்டு துணிப்பை, தேன் வாங்க மூடி இறுகும் எவர்சில்வர் டப்பா. பாலித்தீன் பை எனக்குப் பிடிக்காது, பூ அதில் வெந்துபோகும்.

பின்சேர்க்கை: தோவாளையில் வாங்கிய பூ சென்னை போவதற்குள் கறுத்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். மலர்ந்த பூவை வாங்கியிருப்பார். மொட்டாக வாங்கி, வாழையிலையில் சுற்றி, மேலே ஈரத் துணி போடுங்கள். துணியைப் பிழிந்துவிட்டுப் போட வேண்டும், தண்ணீர் சொட்டினால் பூ அழுகிவிடும். போன மாதம் இப்படித்தான் அரைக் கிலோ பிச்சி திருச்சிக்குக் கொண்டுபோனேன். அம்மா பிரித்தபோது பாதி மொட்டு அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது.