டூலாவும் மிட்வைஃபும்: பிரசவத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பேறுகாலப் பேச்சு எழும்போது இப்போது ‘டூலா’, அதாவது பிரசவத் துணைவி, என்ற பெயரும் அடிபடுகிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: “நல்ல டூலா கிடைத்துவிட்டால் மிட்வைஃப் எதற்கு?” இந்தக் கேள்விக்குப் பின்னால்தான் மற்ற எல்லாத் தவறுகளும் வரிசை கட்டி நிற்கின்றன.

மிட்வைஃப் என்பவர் சட்டம் அங்கீகரித்த மருத்துவப் பணியாளர். 2005ஆம் ஆண்டின் செவிலியர் சட்டப்படி தென்னாப்பிரிக்கச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்துகொண்டு, ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பித்தால்தான் அவர் பிரசவம் பார்க்க முடியும். டூலாவுக்கு அப்படிச் சட்டப் பதிவு எதுவும் இல்லை. சிலர் நல்ல பயிற்சி பெற்றிருப்பார்கள், சிலர் குறுகிய வகுப்பு ஒன்றோடு நின்றிருப்பார்கள். டூலாவின் வேலை தாயின் அருகே இருப்பது. வலி எழும்போது இடுப்பின் அடிப்பகுதியில் உள்ளங்கையால் அழுத்திக் கொடுப்பார், மூச்சைச் சீராக்கச் சொல்லிக் கொடுப்பார், எழுந்து நடக்கவும் புரண்டு படுக்கவும் கைகொடுப்பார், ஒரு வாய் தண்ணீர் தருவார். பிரசவம் பார்ப்பது அவர் வேலை அல்ல.

தவறுகளில் உயிருக்கே உலை வைப்பது, டூலாவிடம் மருத்துவத் தீர்ப்புக் கேட்பது. வலி கண்ட பெண், “அக்கா, கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்” என்று கேட்பது இயல்பு. “அது என் வேலை இல்லை கண்ணு, கிளம்பு” என்று சொல்பவரே நல்ல டூலா. பரிசோதித்துப் பார்க்கிறேன் என்று கையுறை மாட்டுகிறவரை அன்றே மாற்றிவிடுங்கள்.

மிட்வைஃப் என்ன செய்கிறார் என்பதை அருகிலிருந்து பார்த்தால் இதன் காரணம் விளங்கும். வலி தீவிரமான பிறகு அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிறார். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் சரி. வலிக்குப் பிறகு துடிப்பு இறங்கி மெதுவாக ஏறினால் அவர் முகம் மாறும். கருப்பை வாய் திறப்பதை பார்டோகிராம் என்ற ஒற்றைத் தாளில் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டே வருகிறார். அதில் எச்சரிக்கைக் கோடு ஒன்று, செயல் கோடு ஒன்று உண்டு. முதல் கோட்டைத் தாண்டினால் கவனம், இரண்டாவதைத் தொட்டால் உடனே நடவடிக்கை. அந்தக் கோடுகளை 1972இல் வகுத்துத் தந்தவர்களில் ஒருவரான மருத்துவர் ஃபில்பாட், பின்னாளில் டர்பனிலேயே பேராசிரியராக இருந்தவர் என்பதை நம் ஊர்க்காரர்கள் தெரிந்து வைத்திருக்கலாம்.

குழந்தை பிறந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. தாயின் தொடையில் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி பத்து யூனிட் போட்டு, நச்சுக்கொடி முழுமையாக வந்ததா என்று புரட்டிப் பார்த்து, இரத்தப் போக்கைக் கணிக்கிறார். 500 மில்லிலிட்டர் தாண்டினால் ஆபத்து. கண் அளவில் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவோம். ஆகவே தாயின் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து இரத்தத்தை அளந்து, தேவையான சிகிச்சைகளை எல்லாம் உடனே ஒருசேரத் தொடங்கும் முறையைத் தென்னாப்பிரிக்கா உட்பட நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் சோதித்தார்கள். 2023இல் வெளியான அந்த ஆய்வில் கடுமையான இரத்தப் போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. எத்தனை பாசத்தோடு கையைப் பிடித்திருந்தாலும் இந்த வேலையை டூலா செய்ய முடியாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: மிட்வைஃப் இருக்கிறாரே, பிறகு துணை எதற்கு என்று நினைப்பது. அரசு மருத்துவமனையில் ஒரு சிஸ்டர் ஒரே நேரத்தில் பல தாய்மார்களைக் கவனிப்பார். ஷிஃப்ட் முடிந்தால் வேறொருவர் வருவார். தலைமாட்டிலேயே அமர்ந்திருக்க அவருக்கு நேரம் ஏது? துணை என்பது வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் என்ற பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். ஜொகன்னஸ்பர்க்கில் தலைப்பிரசவப் பெண்களுக்குப் பயிற்சி பெறாத சாதாரணப் பெண்களையே துணையாக உட்கார வைத்துப் பார்த்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. பிரசவ நேரம் குறையவில்லை. ஆனால் ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, துணை இருந்த தாய்மார்களிடம் மனச்சோர்வு குறைவாகவும் தாய்ப்பால் கொடுப்பது அதிகமாகவும் இருந்தன. பின்னர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தொடர்ந்து துணை இருந்தால் சிசேரியனும் குறைகிறது என்று தெரிந்தது.

அந்தத் துணை பணம் கொடுத்து அமர்த்தியவராக இருக்க வேண்டியதில்லை. கரும்புத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான பாரக்குகளில் நம் ஆயாக்கள் (பாட்டிமார்) மூத்த பெண்களின் அருகிருப்பில்தான் பெற்றெடுத்தார்கள். அம்மாவோ அக்காவோ கணவரோ இருக்கலாம். “நான் நாலு பெற்றவள், எனக்குத் தெரியாதா” என்று அறையில் உத்தரவு போடும் மாமியாரை மட்டும் அன்போடு வெளியே உட்கார வையுங்கள். எத்தனை பேரை உள்ளே விடுவார்கள் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். ஒருவருக்குத்தான் அனுமதி என்றால், டூலாவா கணவரா என்று பிரசவ அறை வாசலில் சண்டை போடுவது கொடுமை. ஏழாம் மாதத்திலேயே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

தனியார் மருத்துவமனைகளில் பாதிக்கும் மேற்பட்ட பிரசவங்கள் சிசேரியனாக முடிகின்றன. அந்தப் பயத்தில் சிலர் டூலாவை டாக்டரோடு வாதாடும் வக்கீலாக அமர்த்துகிறார்கள். அது வேண்டாம். “இது அவசரமா? கொஞ்சம் காத்திருந்தால் என்ன ஆகும்?” என்று கேட்க டூலா உங்களுக்கு நினைவூட்டலாம், பதில் சொல்வது மருத்துவர், முடிவெடுப்பது நீங்கள். இயல்பான பிரசவத்தில் உறுதியாக இருந்தால், தனியாகப் பணிபுரியும் மிட்வைஃப் ஒருவரைத் தேடுவதே நேரான வழி. அவர் பெயர் செவிலியர் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சிக்கல் வந்தால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார், எந்த மருத்துவர் அவருக்குத் துணை என்றும் கேளுங்கள். மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுக் காப்பீடு) மிட்வைஃபுக்கு எவ்வளவு தரும், டூலாவுக்கு ஏதாவது தருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மெடிக்கல் எய்ட் இல்லாத கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் 1994 முதல் கட்டணம் இல்லை.

டூலாவோ ஆயாவோ காய்ச்சித் தரும் கஷாயம், ஜூலு பெண்கள் குடிக்கும் இசிஹ்லம்பெஸோ என்ற மூலிகை நீர் எதுவானாலும், குடித்ததை மறைக்காமல் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். சில மூலிகைகள் கருப்பையை அளவுக்கு மீறிச் சுருங்க வைக்கும்.

இரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாக வந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ, டூலாவுக்குப் போன் போட்டுக் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். கையில் பேறுகாலப் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். டூலாவுக்குக் காரில் போகும்போது சொல்லிக்கொள்ளலாம்; அவர் அங்கேயே வந்து சேரட்டும்.